எந்த வருசம் கணக்கில் சேரும்?

பயிற்சிப் பணி விசாவில் கழியும் காலம் நிரந்தர வசிப்புரிமைக்கு (பி.ஆர்.) கணக்கில் வருமா? தஞ்சாவூர்ப் பக்கத்துக்கு இந்தக் கேள்வி புதிது. பயணம் பழையது. நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று திருச்சி விமான நிலையத்தில் வரிசையில் நிற்கிறார்கள். அந்தத் தாத்தாக்கள் பி.ஆர். பற்றி யாரிடமும் விசாரித்ததில்லை. போனதே திரும்பி வரத்தான். தங்கை கல்யாணம், ஓட்டு வீட்டை இடித்துவிட்டு ஒரு மாடி வீடு, வயலுக்கு ஒரு போர்வெல். இவ்வளவும் முடிந்தால் ஊருக்குத் திரும்பிவிடலாம். டிப்ளமோ முடித்துவிட்டுப் பட்டுக்கோட்டையிலோ மன்னார்குடியிலோ ஏஜென்ட் முன்னால் உட்கார்ந்திருக்கும் பையனின் கணக்கு வேறு. "அண்ணே, ட்ரெயினிங்ல இருக்கற மூணு வருசமும் பி.ஆருக்குச் சேருமாண்ணே?" என்று கேட்கிறான். "எல்லாம் சேரும் தம்பி, அஞ்சு வருசம் தள்ளிட்டா அங்கேயே செட்டில்" என்று பதில் வருகிறது.

இந்தப் பதில் பெரும்பாலும் தவறு. ஆனால் எல்லா நாட்டுக்கும் ஒரே மாதிரித் தவறில்லை. ஜப்பானில் ஒரு கணக்கில் சேரும், இன்னொன்றில் சேராது. ஜெர்மனியில் ஒரு வழியில் பாதி சேரும். சிங்கப்பூரில் ஆண்டுகளை எண்ணும் விதியே கிடையாது. ஏஜென்ட்டுக்கு இந்த வேறுபாடு தேவைப்படுவதில்லை. அவருக்கு வரவேண்டிய தொகை விமானம் ஏறுவதற்கு முன்பே வந்துவிடுகிறது.

இந்தக் கேள்வி இப்போது எழுவதற்கு ஊரிலும் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வெளிநாடு சென்றிருப்போர் சுமார் 22 லட்சம் என்று 2015இல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு மதிப்பிட்டது. நாடுவாரியாகப் பார்த்தால் அதில் சிங்கப்பூருக்கே முதலிடம். ஜூன் 12இல் மேட்டூர் திறக்குமா என்று தெரியாத ஆண்டுகளில் குறுவை கைவிட்டுப் போனது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரத் தென்னந்தோப்புகளைப் படுக்கவைத்தது. நெட்டை ரகக் கன்று நட்டால் காய்ப்புக்கு வர ஆறேழு வருடம் ஆகும். அதுவரை குடும்பத்தில் ஒருவர் வெளியே போயாக வேண்டும். திரும்பி வந்து பார்க்க என்ன இருக்கும் என்ற ஐயம் வந்த பிறகுதான் அங்கேயே தங்குவது பற்றிய பேச்சும் வந்தது என்று நினைக்கிறேன்.

ஜப்பான் இந்த ஊர்களுக்கு அண்மையில் அறிமுகமான நாடு. 2017 அக்டோபரில் இந்தியாவும் ஜப்பானும் 'கினோ ஜிஷ்ஷூ' எனப்படும் தொழில்நுட்பப் பயிற்சியாளர் திட்டத்துக்கு ஒப்பந்தம் செய்தன. 2021 ஜனவரியில் 'டொக்குத்தேய் கினோ' எனப்படும் குறிப்பிட்ட திறன் விசாவுக்கும் ஒப்பந்தமானது. 2025 ஆகஸ்டில் பிரதமர் தோக்கியோ சென்றபோது ஐந்து ஆண்டுகளில் இரு நாட்டுக்கும் இடையே ஐந்து லட்சம் பேர் போய்வர வேண்டும், அதில் இந்தியாவிலிருந்து போகும் திறனாளர்கள் 50,000 பேர் இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். முதியோர் பராமரிப்பு, விவசாயம், கட்டுமானம், உணவு பதப்படுத்தல் என்று காவிரி டெல்டா இளைஞர்களின் கைக்குப் பழகக்கூடிய துறைகள் பட்டியலில் உள்ளன.

ஜப்பானின் நிரந்தர வசிப்பு வழிகாட்டு நெறி இரண்டு எண்களைச் சொல்கிறது. ஒன்று, இடைவிடாமல் பத்து ஆண்டு அந்த நாட்டில் வசித்திருக்க வேண்டும். மற்றொன்று, அந்தப் பத்துக்குள் ஐந்து ஆண்டாவது வேலைக்கான தங்குதகுதியிலோ, குடும்ப உறவு போன்றவற்றால் வரும் வசிப்புத் தகுதியிலோ தொடர்ச்சியாக இருந்திருக்க வேண்டும். இந்த இரண்டாவது வரிக்குள் ஓர் அடைப்புக்குறி இருக்கிறது: தொழில்நுட்பப் பயிற்சியும், குறிப்பிட்ட திறனின் முதல் நிலையும் இந்த ஐந்தில் சேராது. இவை இரண்டும் வேலைக்கான தகுதிகள்தான், சம்பளமும் வரியும் உண்டு. இருந்தும் ஐந்தாண்டுக் கணக்குக்கு மட்டும் இவை வேலையாகக் கருதப்படுவதில்லை.

பயிற்சிக் காலம் பத்தில் சேரும், ஐந்தில் சேராது. ஒரத்தநாட்டுப் பையன் ஒருவன் மூன்று ஆண்டு பயிற்சியாளராகவும், பிறகு முதல் நிலைத் திறன் விசாவில் அதன் உச்ச வரம்பான ஐந்து ஆண்டும் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். எட்டு வருடம் ஓடிவிட்டது. இன்னும் இரண்டுதான் பாக்கி என்று வீட்டில் நினைப்பார்கள். ஆனால் பாக்கி ஐந்து. இரண்டாம் நிலைத் திறன் விசாவுக்கோ வேறு வேலைத் தகுதிக்கோ அவன் மாறி, அதில் ஐந்து ஆண்டு கழித்தால்தான் விண்ணப்பிக்க முடியும். மொத்தம் பதின்மூன்று. இதே பையன் நான்காம் ஆண்டு முடிவிலேயே மாறியிருந்தால் பத்தாம் ஆண்டில் விண்ணப்பித்திருக்கலாம். முதல் ஐந்து ஆண்டு வரை பயிற்சிக் காலம் வீணாவதில்லை. ஆறாவது ஆண்டிலிருந்து கழியும் ஒவ்வோர் ஆண்டும் ஒன்றுக்கு ஒன்றாக இலக்கைத் தள்ளிப்போடுகிறது. ஜப்பானுக்குப் போகும் எவரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய கணக்கு இது. விளம்பரத் தட்டிகளில் மட்டும் இது இருக்காது.

மாறுவதற்கு வழி எது என்பது துறையைப் பொறுத்தது. 2023இல் இரண்டாம் நிலைத் திறன் விசா விவசாயம் உட்படப் பல துறைகளுக்கு விரிந்தது. அதில் கால வரம்பு கிடையாது, மனைவி மக்களை அழைத்துக்கொள்ளலாம். முதியோர் பராமரிப்புக்கு இரண்டாம் நிலை இல்லை. அதற்கென்று 'கைகோ' என்ற தனித் தகுதி 2017 முதல் உள்ளது. அதைப் பெற, பராமரிப்புப் பணிக்கான தேசியத் தேர்வில் தேற வேண்டும். மூன்றாண்டு பணி அனுபவமும் ஒரு செய்முறைப் பயிற்சி வகுப்பும் முடித்தவர்கள் எழுதலாம். தேர்வு ஜப்பானிய மொழியில். கும்பகோணத்தில் என்4 மொழித் தேர்வு முடித்துவிட்டுப் போகும் பெண் பகலில் முதியவர்களைக் குளிப்பாட்டி இரவில் காஞ்சி எழுத்துகளைப் படித்தால், ஐந்தாம் ஆண்டுக்குள் அந்தக் கதவு திறக்கும். திறந்த நாளிலிருந்து அவளுடைய ஆண்டுகள் முழு ஆண்டுகள். அதற்கு முந்தைய நாள் அவள் செய்ததும் இதே வேலைதான் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

'இடைவிடாமல்' என்ற சொல்லிலும் ஒரு கண் வேண்டும். மறுநுழைவு அனுமதியோடு ஊருக்கு வந்துபோனால் தொடர்ச்சி அறுவதில்லை. ஒரே மூச்சில் மூன்று மாதத்துக்கு மேல் ஊரில் தங்கிவிட்டால் கேள்வி எழும். பயிற்சியை முடித்துத் தகுதியைக் கைவிட்டுத் திரும்பியவர், இரண்டு வருடம் கழித்து வேறு விசாவில் போனால் முதல் மூன்றாண்டும் பத்தில்கூட நிற்காது. நகராட்சிக்குக் கட்டும் வசிப்பு வரி, ஓய்வூதிய, மருத்துவக் காப்பீட்டுத் தவணைகள் எல்லாவற்றிலும் தாமதம் பார்க்கப்படுகிறது. கட்டியிருந்தால் மட்டும் போதாது, உரிய தேதியில் கட்டியிருக்க வேண்டும்.

இந்த விலக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், பயிற்சியாளர் திட்டம் 1993இல் தொடங்கியபோதே அதன் அறிவிக்கப்பட்ட நோக்கம் வளரும் நாடுகளுக்குத் தொழில்திறனைக் கொடுத்தனுப்புவது. கற்றுக்கொண்டு போகவேண்டியவன் தங்குவதற்கு ஆண்டு சேர்க்கலாமா என்பது வாதம். 2016இல் இயற்றி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம், தொழிலாளர் பற்றாக்குறையை ஈடுகட்டும் வழியாகப் பயிற்சியைப் பயன்படுத்தக் கூடாது என்றே சொல்கிறது. ஆனால் பயிற்சியாளர்கள் போய்ச் சேர்ந்த இடங்களைப் பாருங்கள். முட்டைக்கோசுத் தோட்டம், மீன் பதப்படுத்தும் கொட்டகை, தையல் பட்டறை, சாரம் கட்டும் வேலை. எல்லாம் ஜப்பானிய இளைஞர்கள் விட்டுப் போன இடங்கள். 2010 ஜூலை வரை முதலாம் ஆண்டுப் பயிற்சியாளருக்கு அந்த நாட்டுத் தொழிலாளர் சட்டங்களின் பாதுகாப்புகூட இல்லை. 'பயிற்சி' என்ற பெயர் அந்த ஆண்டுகளைக் குடியேற்றக் கணக்கிலிருந்து வெளியே வைக்க உதவியது என்று நான் சொல்வது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் ஜப்பான் அரசே 2024 ஜூனில் இத்திட்டத்தை ஒழிக்கும் சட்டத்தை நிறைவேற்றிவிட்டது. அதற்குப் பதிலாக 'இகுசெய் ஷூரோ' என்ற மூன்றாண்டு வேலைத் திட்டம் 2027 ஏப்ரலில் தொடங்குகிறது. இதில் ஆட்களைப் பயிற்றுவிப்பதும் வேலைக்கு ஆள் சேர்ப்பதும் வெளிப்படையான நோக்கங்கள். நிபந்தனைகளோடு முதலாளியை மாற்றிக்கொள்ளவும் முடியும். மூன்றாண்டு முடிந்தால் முதல் நிலைத் திறன் விசா, அதற்கு மேல் பழைய ஐந்தாண்டு வரம்பு. எனவே எட்டாம் ஆண்டு வரை ஒன்றும் ஆகாமல் போகும் அபாயம் அப்படியே இருக்கிறது.

சிங்கப்பூருக்கு வருவோம். டெல்டாவின் வெளிநாடு என்றால் இன்னமும் அதுதான். கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், ராஜகிரி, முத்துப்பேட்டை வணிகக் குடும்பங்களுக்கு அது இரண்டாம் வீடாக இருந்த காலம் ஒன்று. இப்போது போகிறவர்களில் பெரும்பாலோர் டெஸ்ட் (திறன் தேர்வு) அடித்து, கட்டுமானத்துக்கும் கப்பல் பட்டறைக்கும் வொர்க் பெர்மிட்டில் போகிறவர்கள். இவர்களுக்கிடையே டி.இ.பி., டி.டபிள்யூ.பி. என்ற இரண்டு எழுத்துக் கூட்டங்கள் புழங்குகின்றன. முன்னது பயிற்சி வேலைவாய்ப்பு அனுமதி, அதிகபட்சம் மூன்று மாதம், புதுப்பிக்க முடியாது. பின்னது பயிற்சி வொர்க் பெர்மிட், ஆறு மாதம். இவற்றைக் காட்டி, "உள்ள போயிட்டா மாத்திக்கலாம்" என்று பணம் வாங்கிய கதை எந்த ஊர் டீக்கடையிலும் கிடைக்கும். மூன்று மாதத்தில் பி.ஆருக்கு என்ன சேரும் என்று கேட்பதே வீண்.

கவனிக்க வேண்டியது அதற்கு அப்பால் இருக்கிறது. சிங்கப்பூரில் வேலை வழியாக பி.ஆர். கேட்க எம்ப்ளாய்மெண்ட் பாஸோ எஸ் பாஸோ அவற்றுக்கு இணையான உயர்நிலைப் பாஸோ வேண்டும். வொர்க் பெர்மிட்டில் இருப்பவர் அந்த வழியாக விண்ணப்பிக்கவே முடியாது, எத்தனை ஆண்டு இருந்தாலும். முன்பு இந்தியத் தொழிலாளிக்கு ஒரு மேல்வரம்பாவது இருந்தது. அடிப்படைத் திறன் என்றால் 14 ஆண்டு, உயர்திறன் என்றால் 26. 2025 ஜூலை 1 முதல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள், வயது உச்சத்தை 63 ஆக்கினார்கள். நல்ல செய்தியாகத்தான் ஊருக்கு வந்தது, ஒரு வகையில் நல்லதும்கூட. இருபது வயதில் போன ஒருவர் இனி நாற்பது ஆண்டுக்கு மேல் அங்கே உழைக்கலாம், அதில் ஒரு நாள்கூட வசிப்புரிமைக்கான நாளாக ஆகாமல். சிங்கப்பூர்க் குடிமகளையோ பி.ஆர். பெற்றவரையோ மணக்க வேண்டுமானால் மனிதவள அமைச்சின் அனுமதியும் வேண்டும்.

எஸ் பாஸுக்கு ஏறியவர்கள் நிலைமை வேறு. 2025 செப்டம்பர் முதல் அதற்கான குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 3,300 வெள்ளி. வயது கூடக்கூட அது உயரும். எத்தனை ஆண்டு கழித்து பி.ஆர். கேட்கலாம் என்று சட்டத்தில் எண் கிடையாது. குடும்பப் பின்னணி, பொருளாதாரப் பங்களிப்பு, படிப்பு, வயது, அங்கே வசித்த காலம் இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்ப்பதாகக் குடிநுழைவு ஆணையம் சொல்கிறது. எடை என்ன என்று சொல்வதில்லை. ஆகவே வொர்க் பெர்மிட்டில் பத்து வருடம் இருந்து எஸ் பாஸுக்கு வந்தவரின் பழைய பத்து வருடத்துக்கு மதிப்பு உண்டா என்ற கேள்விக்கு எவரிடமும் உறுதியான பதில் இருக்க முடியாது. உறுதியாகச் சொல்கிறவரிடம் சற்று எச்சரிக்கையாக இருக்கலாம். பிள்ளைகளையும் சேர்த்து பி.ஆர். வாங்கினால் பையனுக்குக் கட்டாயத் தேசிய சேவை உண்டு. ஊரில் சில குடும்பங்கள் இதைக் கேட்டவுடன் யோசனையை விட்டிருக்கின்றன.

வசித்த காலம் உரிமையாகுமா என்ற வழக்கு டெல்டாவுக்குள்ளேயே நடந்திருக்கிறது. தலைமுறைகளாக மிராசுதார் நிலத்தையும் கோயில், மட நிலத்தையும் உழுதவர்களுக்குக் காகிதம் எதுவும் இருந்ததில்லை. 1952இல் தஞ்சாவூருக்கென்றே குத்தகையாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1955இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். இரண்டும் வந்த பிறகும் 'நான்தான் உழுகிறேன்' என்று நிரூபிக்க முடியாதவர் வெளியே நின்றார். அதனால்தான் 1969இல் குத்தகை உரிமைப் பதிவேட்டுக்குத் தனிச் சட்டம் தேவைப்பட்டது. 1971இல் வந்த குடியிருப்பு மனைச் சட்டம், பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையைச் சொந்தமாக்கியது. வெறுமனே இருந்த காலத்தை உரிமையாக மாற்றிய அரிதான சட்டங்களில் அது ஒன்று. பதிவேட்டில் பெயர் ஏறியவருக்குத்தான் ஆண்டு எண்ணப்படும் என்பதைக் கீழத் தஞ்சைக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

கடல் தாண்டியவர்களுக்கும் இதே வழக்கு வந்தது. இலங்கையில் 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வந்த இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம் ஒரு கணக்கை முன்வைத்தது: 1946 ஜனவரி 1க்கு முன் மணமானவர் ஏழாண்டும், மணமாகாதவர் பத்தாண்டும் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். தோட்டக் குடியிருப்பான லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்தவர் அந்தத் தொடர்ச்சியை எந்தக் காகிதத்தால் காட்டுவார்? 1964 அக்டோபரில் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின்போது 9,75,000 பேர் தீர்வின்றி இருந்தார்கள். அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்றும் 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்றும் பிரித்துக்கொண்டார்கள். மலேசியாவிலும் 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது, பல பத்தாண்டு ரப்பர் பால் எடுத்தவர்கள் கப்பலேறித் திரும்பினார்கள். உழைத்த ஆண்டுகளை யாரும் மறுக்கவில்லை. அவை குடியேறியவனின் ஆண்டுகளா, கூலிக்கு வந்தவனின் ஆண்டுகளா என்பதே வழக்காக இருந்தது. இன்றைய 'பயிற்சி' முத்திரையை நான் இந்த வரிசையில்தான் வைத்துப் பார்க்கிறேன்.

பிறர் நாட்டைச் சொல்லும்போது நம் நாட்டையும் சொல்ல வேண்டும். 1983 முதல் வந்த இலங்கைத் தமிழர்கள் தமிழ்நாட்டு முகாம்களில் நாற்பது ஆண்டாக இருக்கிறார்கள். இந்தியக் குடியுரிமைச் சட்டம் 'சட்டவிரோதக் குடியேறி' என்று யாரை வகைப்படுத்துகிறதோ அவருக்கு இயல்புரிமை வழி அடைக்கப்பட்டுவிடும். முகாமில் கழிந்த காலம் அந்த வகைப்பாட்டின் கீழ் எண்ணப்படுவதில்லை. 2019இன் திருத்தமும் அவர்களைத் தொடவில்லை.

ஜெர்மனியின் விதி இவற்றோடு ஒப்பிட்டால் நேர்மையாகத் தெரிகிறது. அங்கே செவிலியர் படிப்பு 'ஆஸ்பில்டுங்' என்ற மூன்றாண்டுத் தொழிற்கல்வி. படிக்கும்போதே, பொது மருத்துவமனைகளில் மாதம் ஆயிரம் யூரோவுக்கு மேல் உதவித்தொகை கிடைக்கும். நிரந்தர வசிப்புக்கான பொது வழியில் ஐந்தாண்டு வேண்டும். தொழிற்கல்வி விசாவில் கழிந்த காலம் அதில் பாதியாகச் சேரும் என்று வசிப்புச் சட்டம் எழுதியே வைத்திருக்கிறது. இதைவிட வேகமான வழியும் உண்டு. அந்த நாட்டிலேயே தொழிற்கல்வியை முடித்தவர், திறன் பணியாளராக இரண்டாண்டு வேலை பார்த்து 24 மாதம் ஓய்வூதியச் சந்தா கட்டி, பி1 அளவு ஜெர்மன் தெரிந்திருந்தால் விண்ணப்பிக்கலாம். வெளியில் படித்துவிட்டு வந்தவருக்கு இதுவே மூன்றாண்டு. மூன்றும் இரண்டும் சேர்த்து ஐந்து ஆண்டில் முடியக்கூடிய கதை. பயிற்சி பெற்றவரை ஜெர்மனி சலுகையோடு பார்க்கிறது, ஜப்பான் பயிற்சி பெற்றவரை விலக்கி வைத்திருக்கிறது. இரண்டு நாட்டிலும் முதியோர் கூடி இளையோர் குறைகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இது தேவையைவிட அரசியல் முடிவு என்பது விளங்கும்.

மற்ற நாடுகளை வேகமாகக் கடந்துவிடலாம். கனடாவில் முழுநேர மாணவராக இருக்கும்போது செய்த வேலை, கனடிய அனுபவப் பிரிவுக்குச் சேராது. ஆனால் குடியுரிமைக்குத் தேவையான 1,095 நாளில், தற்காலிக வசிப்பு நாள் ஒவ்வொன்றும் அரை நாளாக, 365 நாள் வரை சேரும். ஆஸ்திரேலியாவின் 407 பயிற்சி விசா இரண்டாண்டுவரை தரப்படும். முதலாளி வழியாக நிரந்தர விசா கேட்பதற்கான பணிக்காலமாக அது எண்ணப்படாது. அமெரிக்காவில் ஆண்டுகளை எண்ணி பி.ஆர். தரும் வழியே இல்லை. ஜே-1 பயிற்சியாளர் சிலருக்கு இரண்டாண்டு ஊர் திரும்பியாக வேண்டிய நிபந்தனை வேறு. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் படித்த மருத்துவர்கள் நாடும் பிரிட்டனின் மருத்துவப் பயிற்சித் திட்டம் 24 மாதம். திறன் பணியாளர் வழியின் ஐந்தாண்டில் அது சேராது, பத்தாண்டு நீள்வசிப்பு வழியில் சேரும். அந்த ஐந்தையே பத்தாக்க வேண்டும் என்று 2025 மே மாத வெள்ளை அறிக்கை பரிந்துரைத்திருக்கிறது. வளைகுடாவில் சாதாரண வேலை விசாவுக்கு ஆண்டு எண்ணும் வழக்கமே இல்லை.

தமிழ்நாடு அரசுக்கு 1978 முதல் ஓர் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் இருக்கிறது. ஜப்பானிய, ஜெர்மன் மொழிப் பயிற்சியோடு ஆள் அனுப்பும் முயற்சிகளும் நடக்கின்றன. சிங்கப்பூரும் ஜப்பானும் ஜெர்மனியும் குடிபெயர்வுச் சரிபார்ப்பு தேவைப்படும் நாடுகளின் பட்டியலில் இல்லை. எனவே வளைகுடா போகிறவருக்கு இருக்கும் குறைந்தபட்ச அரசுச் சோதனைகூட இவர்களுக்கு இல்லாமல் போகிறது. ஒப்பந்தத்தில் சம்பளம், தங்குமிடம், வேலை நேரம் இருக்கின்றன. தங்குதகுதியின் சரியான பெயர், அது எத்தனை ஆண்டுவரை நீளும், அதிலிருந்து எதற்கு மாறலாம், மாற என்ன தேர்வு, கழிந்த காலம் எந்தக் கணக்கில் சேரும் என்ற ஐந்து விவரமும் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சிட்டுக் கையெழுத்து வாங்கச் சொன்னால், அரசுக்கு ஆகும் செலவு காகிதச் செலவுதான்.

ஜப்பானிலிருந்து திரும்புகிறவர்களுக்கு இன்னொரு முடிச்சும் இருக்கிறது. நாட்டைவிட்டு வெளியேறியபின், கட்டிய ஓய்வூதியச் சந்தாவில் ஐந்தாண்டுவரைக்கான ஒரு தொகையை மொத்தமாகத் திரும்பப் பெறலாம். தங்கை கல்யாணத்துக்கு அது பெரிய பணம், வாங்காதவர் குறைவு. வாங்கியவுடன் அந்தச் சந்தா ஆண்டுகள் ஓய்வூதியக் கணக்கிலிருந்து அழிகின்றன. 2016 அக்டோபர் முதல் நடப்பில் உள்ள இந்திய ஜப்பான் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி இரு நாட்டுக் காலத்தையும் கூட்டிக்கொள்ளும் வாய்ப்பும் அந்த ஆண்டுகளுக்கு இல்லாமல் போகிறது. வீட்டில் கல்யாணத் தேதி குறித்த பிறகு இதையெல்லாம் உட்கார்ந்து கணக்குப் பார்க்க யாருக்கும் நேரமிருப்பதில்லை. போவதற்கு முன் மொழி வகுப்பு நடக்கும் அந்த ஆறு மாதத்தில்தான் இதற்கு இடமுண்டு, இப்போது அங்கே நடத்தப்படுவதோ என்4 பாடம் மட்டும்.